புழு விழாத நூலகம்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்லுங்கள், நீதிபதி லோஷ்னர் அவர்களே. எனக்காக இல்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் அடுக்கியிருக்கிற வழக்குக் கட்டுகளுக்காகத்தான். இப்படி அடைத்துப் பூட்டி அடுப்பை எரியவிட்டால் தோல் அட்டை வெடிக்கும். அடுப்பு அணைந்ததும் ஈரம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்து வருஷம் கழித்து ஒருவர் கட்டைப் பிரிப்பார், கையில் தூள்தான் வரும். நன்றி. அவ்வளவு போதும்.

எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றீர்கள். அப்படியானால் நாய்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா ட்ரோசனாவ் கோட்டையில் வேட்டை நாய்கள் வளர்த்தார். சுற்றுவட்டாரத்தில் அவருடைய நாய்களுக்கு நல்ல பெயர். வீட்டில் மொத்தம் பதினொரு புத்தகங்கள். அதில் நான்கு குதிரை வைத்தியம். அவர் காலமான வாரமே நாய்க் கொட்டகையைக் காலி செய்தேன். அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் ஆளுக்கு ஒன்றாகக் கேட்டார்கள்தான். ஆனால் கடிதம் போட்டு, ஆள் வந்து, ஒவ்வொன்றாக அழைத்துப் போவதற்கு மாதக்கணக்கில் ஆகும். எனக்குக் கொட்டகை உடனே தேவைப்பட்டது. வேட்டைக்காரனிடம் சொன்னேன், ஒரே காலையில் முடித்துவிட்டான். உலர்ந்த, காற்றோட்டமான இடம் அது. முதல் நூறு பெட்டிகளை அங்கேதான் இறக்கினேன்.

மடங்களை எல்லாம் அரசு மூடிய காலம் அது. உங்களுக்கு அப்போது சின்ன வயது. துறவிகளை வெளியே அனுப்பிவிட்டு, அவர்களுடைய நூல்களை மாட்டு வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனார்கள். சேறான பாதையில் வண்டி சிக்கிக்கொண்டால், சக்கரத்துக்கு அடியில் தடித்த புத்தகங்களைப் போட்டு ஏற்றினார்கள். இதைக் கண்ணால் பார்த்தவன் நான். பாம்பெர்க் சந்தையில் ஒரு மீன்காரி எனக்கு ஹெர்ரிங் மீனை ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் ஆக்ஸ்பர்க்கில் அச்சான தாள், முந்நூறு ஆண்டு பழையது, முதல் எழுத்து நீலமும் சிவப்புமாகக் கையால் தீட்டியது.

"மீதி எங்கே?" என்று கேட்டேன்.

"மீதி தீந்துபோச்சுங்களே, உங்களுதுதான் கடைசி. இன்னிக்கு வேற ஒண்ணைப் பிரிச்சிருக்கேன். சாமியாருங்க தாள் நல்ல தாளுங்க. தண்ணி ஒழுகாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மனிதர்களுடைய கை எப்படிப்பட்டது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பிடித்து வைத்திருப்பதற்கு ஏற்ற கை இல்லை அது.

இருபத்தைந்து ஆண்டுகளில் நான் சேர்த்த நூலகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோட்டிங்கனிலிருந்தும் லைப்சிக்கிலிருந்தும் பேராசிரியர்கள் வருவார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே தெரியுமே, எருதுத் தலை, கிரீடம், திராட்சைக் கொத்து, அந்த நீர்க்குறிகளைப் பற்றி நான் எழுதிய நூலை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். என் அலமாரிகளில் ஒரு புழுத் துளைகூட நீங்கள் பார்க்க முடியாது. அதற்கான திரவத்தை நானே கலப்பேன், நானே தூரிகையால் அட்டைகளின் உள்பக்கம் தடவுவேன். வேலைக்காரர்களை நம்பிக் கொடுத்ததில்லை. அது விஷம்; கவனமாகக் கையாள வேண்டும்.

நாற்பத்தெட்டு வயதில் சிடோனியைத் திருமணம் செய்துகொண்டேன். அவள் யேனாவில் கிரேக்கம் கற்பித்த ஒரு பேராசிரியரின் மகள். அப்போது இருபத்தாறு வயது. அவள் அப்பா அவளுக்கு நான்கு மொழிகளைக் கொடுத்தார், வேறொன்றும் கொடுக்கவில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது. அட்டவணை தயாரிக்க உதவுவாள் என்று நினைத்தேன்.

முதல் நாள் நூலகத்துக்கு அழைத்துப் போனபோது அவள் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "என்னங்க இது, கன்னியாஸ்திரி மடம் மாதிரி இருக்கு. இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தர் மேலயும் ஒரு கைகூடப் பட்டதில்லை போல!"

அவள் அடிக்கடி சிரிப்பாள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் அறை நூலகத்துக்கு நேர் மேலே. அந்த அறையின் புகைபோக்கி நூலகத்தின் வடக்குச் சுவர் வழியாக இறங்குகிறது. அந்தச் சுவரில்தான் ஆக்ஸ்பர்க் நூல்கள். சுவர் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, தோல் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே அங்கே அடுப்பு மூட்டுவதில்லை. கம்பளிகள் வேண்டிய மட்டும் கொடுத்தேன். வேறு அறை தரலாமே என்று சமையல்காரி ஹன்னே இரண்டு முறை வந்து நின்றாள். தெற்குப் பக்க அறைகளில் அப்போது பிரிக்காத பெட்டிகள் இருந்தன. குழந்தை அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பல குழந்தைகள் தாண்டுவதில்லை.

அதற்குப் பிறகுதான் சிடோனி வாசிக்க ஆரம்பித்தாள். முன்பும் வாசித்தாள், ஆனால் இது வேறு. காலையில் எழுந்ததும் ஒரு நூலை எடுப்பாள். படுக்கும்வரை கீழே வைக்க மாட்டாள். ரொட்டியில் வெண்ணெய் தடவிய அதே விரலால் பக்கத்தைத் திருப்புவாள். நிறுத்திய இடத்தில் பக்கத்தின் மூலையை மடிப்பாள். அச்சான நாளிலிருந்து பிரிக்காமல், தாள்கள் ஓரம் ஒட்டியபடியே நான் வைத்திருந்த நூல்களை, கொண்டை ஊசியால் கிழித்துக் கிழித்துப் படித்தாள். ஒரு பயண நூலின் நடுவே நீலப் பூ ஒன்றை வைத்து அழுத்தியிருந்தாள். அந்தப் பூவின் சாயம் இரண்டு பக்கம் தாண்டி இறங்கியிருந்தது. நான் அந்தப் பூவை எடுத்து அவள் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

"ஐயோ, கோபமா?" என்றாள்.

"இல்லை."

"கோபப்பட்டாத்தான் என்ன? ஒரு தடவையாவது கத்துங்களேன், லேபரெக்ட். இந்த வீட்ல மனுஷங்க இருக்காங்கன்னு தெரியட்டும்."

நான் அவளிடம் குரல் உயர்த்தியதே இல்லை. வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பிறகு அவள் நூல்களை ஊருக்குக் கொடுக்க ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும் சமையலறை வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆலைக்காரன் மனைவி, கொல்லன், பள்ளிக்கூட ஆசிரியரின் தங்கை ரோசினே. ஒருநாள் ஹன்னே ஒரு நூலைப் புகைத்த பன்றிக்கறியோடு சேர்த்துக் கூடையில் கொண்டுவந்தாள்.

"ஆலைக்காரம்மா திருப்பிக் கொடுத்தாங்க ஐயா. ரொம்ப நல்லா இருந்துச்சாம். கடைசியில அந்தப் பொண்ணு செத்துப்போன இடத்துல வீடே அழுதுச்சாம்."

அட்டையில் ஒரு கோப்பையின் வட்டத் தடம் இருந்தது. உள்ளே ஒரு குழந்தை கரியால் மாடு வரைந்திருந்தது. நூலகத்தைப் பூட்டினேன். சாவியை என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். இது நியாயமான காரியம் என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

சிடோனி சண்டை போடவில்லை. கோட்டிங்கனிலிருந்து மூன்று பேராசிரியர்கள் விருந்துக்கு வந்திருந்தபோது, மான் கறியைப் பரிமாறிக்கொண்டே அவர்களிடம் சொன்னாள்: "இந்த வீட்ல நாங்க ரெண்டு பேருதான் குடும்பம்னு நினைக்காதீங்க. இவருக்கு ஒரு அந்தப்புரம் இருக்கு. சாவி இவர்கிட்டதான். தினமும் உள்ள போறார், ஒண்ணையும் தொடறதில்ல, தூசி தட்டிட்டு வந்துடறார்."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், என் நூலுக்கு முன்னுரை எழுதியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பிரபு, கைதிகளை ஜாமீன்லயாவது விடுங்க!" என்றார். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். அவள் எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள். நல்ல மனம் அவளுக்கு.

பூட்டு உதவாது என்று புரிந்தது. புத்தகம் பூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் போதாது.

அந்த வசந்தத்தில் அவளுக்குக் கண் சிவந்து அரித்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் வருவதுதான். டாக்டர் ஹேபர்லின் வந்து பார்த்தார். கண்ணில் விட ஒரு நீர் கொடுத்தார்.

"பெரிசா ஒண்ணுமில்லை. படிக்கிறதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்கம்மா" என்றார்.

"மூச்சு விடறதையும் குறைச்சுக்கவா, டாக்டர்?" என்றாள் அவள்.

வாசல்வரை அவரோடு நடந்தேன். பேச்சுவாக்கில் அந்த நீரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உங்க புழு மருந்துல போடறீங்களே, அதே பாதரச உப்புதான் பிரபு. பயப்படாதீங்க, குளத்துல ஒரு சிட்டிகை கரைச்ச மாதிரி, இருக்குன்னே தெரியாது" என்றார். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டி ஏறிப் போனார். நான் கொஞ்ச நேரம் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து காலையும் மாலையும் மருந்தை நானே விட்டேன். தோட்டத்து அறையில் நீள நாற்காலி ஒன்று இருக்கிறது. அவள் அதில் படுத்து என் மடியில் தலை வைத்துக்கொள்வாள். அதற்கு முன் எங்கள் திருமணத்தில் அப்படி ஒரு பழக்கம் இருந்ததில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

"எரியுதுங்க" என்பாள்.

"மருந்து எரியத்தான் செய்யும்."

"நேத்தைவிட ஜாஸ்தி எரியுது."

"அப்படின்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க கை கொஞ்சம்கூட நடுங்கல. நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் லேபரெக்ட். புத்தகத்தைத் தவிர உங்களுக்கு எதுவும் கண்ணுல படாதுன்னு நினைச்சேன்" என்றாள்.

நான் அவசரப்படவில்லை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். அறுவடை சமயத்தில் எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது என்றாள். எழுத்துகள் எறும்புகள் மாதிரி ஓடுகின்றன என்றாள். கிறிஸ்துமஸ் மரத்தில் விளக்கு ஏற்றியபோது, எப்போது ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஹன்னே ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

ஹேபர்லின் மிகவும் வருத்தப்பட்டார். சில கண்கள் இப்படித்தான் என்றார். என் தோளைத் தட்டி, இவ்வளவு பொறுமையான கணவரைத் தான் பார்த்ததில்லை என்றார்.

அந்தக் குளிர்காலம் நூலகத்துக்கு நல்ல குளிர்காலம். மடித்த மூலைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நீவி, பாரம் வைத்துச் சரி செய்தேன். கரி மாட்டை ரொட்டித் துணுக்கால் தேய்த்து எடுத்தேன். ஊருக்குப் போயிருந்த நூல்கள் திரும்பி வந்தன. கேட்கிறவர்களுக்கு நூலைத் தேடி எடுத்துக் கொடுக்க அவளால் இனி முடியாது என்பதால், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் தானாக நின்றுவிட்டது.

அவள் கேட்டது ஒன்றுதான்: வாசித்துக் காட்டச் சொன்னாள். நான் மறுக்கவில்லை. தினமும் பிற்பகல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உண்மையில் நூலை எடுத்து வருவதில்லை. ஒவ்வொரு முறை திறப்பதும் முதுகுத் தையலைத் தளர்த்தும். எனக்கு நினைவில் இருந்ததைச் சொன்னேன். நினைவில் இல்லாத இடங்களை நானே சொன்னேன். அவளுக்குப் பிடித்த ஒரு கதையில் காணாமல் போன குழந்தை கடைசியில் கிடைத்துவிடும். அது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கிடைக்கவில்லை என்று முடித்தேன்.

"முன்னாடி படிச்சப்போ கிடைச்சுதே" என்றாள் அவள்.

"நீ அவசரமாப் படிச்சிருப்பே."

"புத்தகத்தைக் கொஞ்ச நேரம் என் கையில குடுங்க. சும்மா வெச்சிருக்கேன்."

இதை எதிர்பார்த்து ஒரு மரக்கட்டையை இழைத்துக் கன்றுத்தோல் போர்த்தி வைத்திருந்தேன். நல்ல வேலைப்பாடு. அதை அவள் மடியில் வைத்தேன். அவள் விரல்கள் ஓரத்தில் போய் வந்தன; பக்கங்களைத் தேடின. முகர்ந்து பார்த்தாள். பிறகு அதை என்னிடம் நீட்டி, "நன்றி" என்று மட்டும் சொன்னாள். அதன் பின் என்னை வாசிக்கச் சொல்லவில்லை.

அவள் ரோசினேயை வரவழைத்துக்கொண்டாள். இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். அது என் பிழை. ரோசினேவுக்கு முப்பது வயதிருக்கும். உரத்த குரல், சிவந்த கைகள். பக்கம் திருப்பும்போது விரலை நாக்கில் நனைப்பாள். இருவரும் தோட்டத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி வாசிக்க ஒருத்தி கேட்க, சிடோனியின் சிரிப்பு மறுபடியும் நடைவழியில் கேட்க ஆரம்பித்தது. "இரு இரு, அந்த இடத்தை இன்னொரு தடவை படி! அந்தக் கிழட்டுப் பிரபு பேசறதை மட்டும் மூக்கால பேசு!" என்பாள். ரோசினே மூக்கால் பேசுவாள். சமையலறையிலிருந்து ஹன்னேகூட வந்து வாசலில் நின்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்தார்கள். இப்போது தேடி எடுத்துக் கொடுக்க ரோசினேயின் கண்கள் இருந்தன.

கூட்டுக்குள் இருக்கிற ஒரு புழுவை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது, இந்த வேலை தெரியாதவர்கள் செய்கிற தவறு.

"கண்ணு ரொம்பக் களைச்சிருக்கே, ரோசினே. நாள் முழுக்க வாசிக்கறே" என்றேன் ஒருநாள்.

"அதெல்லாம் இல்லீங்க பிரபு. காத்துல தூசி."

"எதுக்கும் இதை ரெண்டு வேளை விட்டுக்கோ."

அவள் முழங்கால் மடக்கி வணங்கிச் சீசாவை வாங்கிக்கொண்டாள். ஆனால் அவளுக்கு மடியில் வைத்து மருந்து விட யாரும் இல்லை. தானே விட்டுக்கொண்டாள், எரிந்தபோது அலறினாள், அண்ணனுடைய வண்டியில் ஏறி நேராக ஹேபர்லினிடம் போய்விட்டாள். அவர் சீசாவிலிருந்து ஒரு சொட்டை ஒரு செப்புக் காசில் தேய்த்தார். காசு வெள்ளி மாதிரி வெளுத்தது. அந்த அளவுக்கு வெளுக்க வேண்டுமானால் குளத்தில் ஒரு சிட்டிகை போதாது என்று அவருக்குத் தெரியும்.

அவர் கோட்டைக்கு வந்தபோது நானும் சிடோனியும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அவர் தொப்பியைக் கழற்றவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னார். சிடோனி கோப்பையைத் தட்டில் வைத்தாள். தடவாமல் சரியாக வைத்தாள்.

"ரோசினேவுக்குக் கண்ணு போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு பிழைச்சுக்கும்மா. இன்னொண்ணு தெரியல."

"சரி." பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் இடப்பக்கம் பார்த்தாள். "லேபரெக்ட், உங்க மடியில நான் தலை வெச்சுப் படுத்திருந்தப்போ, நீங்க என்ன நினைச்சுக்கிட்டிருந்தீங்க?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "பெரும்பாலும் லைப்சிக்கிலிருந்து வந்த பெட்டிகளைப் பத்தி. எந்தச் சுவர்ல வைக்கறதுன்னு."

அவள் தலையை ஆட்டினாள், ஒரு கணக்கு சரியாக வந்ததைப்போல.

இப்போது நான் உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட காரணத்துக்கு வருகிறேன். நேற்று என் வழக்கறிஞர் ஸைஃபர்ட் வந்திருந்தார். என் மேல் அக்கறை உள்ளவர். எனக்காக ஒரு விளக்கம் தயாரித்திருக்கிறார். சீசாக்கள் ஒரே மாதிரி இருந்தனவாம்; புத்தகமே கதி என்று கிடக்கிற வயதான மனிதன், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துவிட்டானாம். "கையெழுத்து மட்டும் போடுங்க பிரபு. கவனக்குறைவுன்னு போயிடும். ரெண்டு வருஷத்துல வீட்டுக்கு வந்துடலாம்" என்றார். நான் போட மாட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

என் நூலகத்தை யார் பொறுப்பில் விடுவது என்று அரண்மனையில் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். சிடோனி, கதவைத் திறந்து வைத்து ஊருக்கே கொடுக்கப் போவதாகச் சொல்கிறாளாம். ஆலைக்காரி, கொல்லன், ஒற்றைக் கண் ரோசினே, எல்லாரும் உள்ளே. இந்தச் சமயத்தில் ட்ரோசனாவ் பிரபு சீசா மாற்றி எடுக்கிற ஆள் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறினால், அந்த நூல்களைப் பற்றி என் பேச்சை இனி யார் கேட்பார்கள்? ஆகவே உங்கள் எழுத்தரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சீசா மாறவில்லை. எந்தச் சீசா, எவ்வளவு, எதற்காக என்று ஒவ்வொரு முறையும் தெரிந்தே விட்டேன். இரண்டு பெண்களுக்கும்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு மருந்து என்ன செய்யும் என்று பார்க்காமல் நான் கையில் எடுத்ததே இல்லை. சிடோனி மருந்து விட்டுக்கொண்டதும் கண்ணைக்கூடத் துடைக்காமல் வாசிக்க உட்கார்ந்துவிடுகிறவள். கன்னத்தில் வழிந்து பக்கத்தில் விழுந்தால் என்னாவது? அதனால் ஆக்ஸ்பர்க் தாள் ஒன்றின் ஓரத்தில் முதலில் ஒரு சொட்டு விட்டு, ஒரு வாரம் காயவைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறையே இல்லை. அதன் பிறகுதான் அவளை என் மடியில் படுக்கச் சொன்னேன்.